புல்வெட்டும் இயந்திரத்தின் கத்தியைக் கழற்றிச் சாணை பிடித்துப் பொருத்துவது எப்படி?

புல் வெட்டிய மறுநாள் காலையில் புல்தரையில் குனிந்து, ஒரே ஓர் இலையைக் கிள்ளி அதன் நுனியைப் பாருங்கள். நுனி நேர்கோடாக, பச்சை மாறாமல் இருந்தால் உங்கள் இயந்திரத்தின் கத்தி கூராக இருக்கிறது. நார் நாராகப் பிய்ந்து, வெளுத்தோ பழுப்பேறியோ இருந்தால் கத்தி புல்லை வெட்டவில்லை, அடித்துக் கிழித்திருக்கிறது. கிழிந்த நுனி வழியாகப் புல் கூடுதலாக ஈரத்தை இழக்கிறது. நோயும் எளிதில் தொற்றுகிறது. தரை முழுவதும் பழுப்புப் படர்ந்ததும் பலர் தண்ணீரையும் உரத்தையும் கூட்டுகிறார்கள். கத்தியைப் பார்ப்பவர்கள் குறைவு. எண்ணெய் மாற்றுவதிலும் ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்வதிலும் காட்டும் அக்கறையில் பாதியைக் கத்திக்குக் காட்டினாலே புல்தரை தேறிவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

1830இல் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியைச் சேர்ந்த எட்வின் பியர்ட் பட்டிங் காப்புரிமை பெற்ற முதல் புல்வெட்டும் இயந்திரம், துணி ஆலையில் கம்பளித் துணியின் பிசிறை மழிக்கும் கருவியைப் பார்த்து உருவானது. உருளையில் சுழலும் கத்திகள் அசையாத ஒரு கத்தியோடு உரசி, கத்தரிக்கோலைப் போல அது வெட்டியது. இன்று பெரும்பாலான வீடுகளில் இருப்பது அந்த வகையன்று. கிடைமட்டமாகச் சுழலும் ஒற்றைக் கத்திதான். புல்லைத் தாங்கிப் பிடிக்க எதிர்க்கத்தி இல்லாததால் வேகமும் கூரும் மட்டுமே அதற்குத் துணை. கீழே சொல்லப்படும் முறை இந்தச் சுழல்கத்தி இயந்திரத்துக்கு மட்டுமே பொருந்தும். உருளை வகையைச் சாணை பிடிப்பது முற்றிலும் வேறான வேலை.

தேவையானவை: கத்தியின் போல்ட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர், தட்டையான அரம், கத்தியை இறுக்கிப் பிடிக்க வைஸ், தடித்த கையுறை, கண்ணைக் காக்கும் பாதுகாப்புக் கண்ணாடி, ஒரு மரக்கட்டை, ஓர் ஆணி, சுண்ணக்கட்டி.

படி 1: இயந்திரம் தானாக உயிர்பெறாதபடி செய்யுங்கள்

இந்தப் படியை எக்காரணம் கொண்டும் தவிர்க்காதீர்கள். பெட்ரோல் இயந்திரமாக இருந்தால், எஞ்சின் ஆறிய பிறகு ஸ்பார்க் பிளக்கின் வயரைக் கழற்றி, அது பிளக்கின் மேல் படாதவாறு தள்ளி ஒதுக்குங்கள். பேட்டரி இயந்திரமாக இருந்தால் பேட்டரியையும் சாவியையும் எடுத்துவிடுங்கள். மின்கம்பி உள்ளதாக இருந்தால் பிளக்கை உருவிவிடுங்கள். கைப்பிடியிலுள்ள கம்பியை விட்டாலே கத்தி நின்றுவிடுகிறதே என்று தோன்றலாம். அமெரிக்காவில் விற்கப்படும், பின்னால் நடந்து தள்ளும் இயந்திரங்களில் கைப்பிடியை விட்ட 3 விநாடிகளுக்குள் கத்தி நின்றாக வேண்டும் என்ற விதி 1982 முதல் இருக்கிறது. அந்த ஏற்பாடு ஓடும் இயந்திரத்தை நிறுத்துவதற்கானது. கையால் கத்தியைத் திருப்பும்போது அதனோடு இணைந்த பிஸ்டனும் நகர்கிறது என்பதால், எரிபொருளும் தீப்பொறியும் சேர வழி இருக்கும்வரை எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றிவிடக் கூடும். விரல் போவதற்கு அந்த ஒரு சுற்றே போதும்.

படி 2: இயந்திரத்தைச் சரியான பக்கமாகச் சாய்த்துவையுங்கள்

டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். கார்புரேட்டரும் ஏர் ஃபில்டரும் வானத்தைப் பார்க்குமாறு இயந்திரத்தைச் சாய்க்க வேண்டும். முதல்முறை நான் மறுபக்கமாகச் சாய்த்துவிட்டேன். எஞ்சின் எண்ணெய் ஏர் ஃபில்டருக்குள் இறங்கி ஊறிவிட்டது, மறுபடி இயக்கியபோது தோட்டமே தெரியாத அளவுக்கு வெண்புகை சூழ்ந்தது. ஃபில்டரை மாற்றும்வரை எஞ்சின் சீராக ஓடவில்லை.

சாய்த்ததும், கத்தியின் தரையைப் பார்க்கும் பக்கத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு குறி இடுங்கள். திரும்பப் பொருத்தும்போது இந்தக் குறிதான் வழிகாட்டும்.

படி 3: கத்தியைக் கழற்றுங்கள்

கத்திக்கும் இயந்திரத்தின் உட்சுவருக்கும் இடையில் மரக்கட்டையைச் செருகினால் கத்தி சுழலாமல் நிற்கும். பெரும்பாலான இயந்திரங்களில் போல்ட்டை இடஞ்சுழியாகத் திருப்பினால் கழலும். வாஷர்கள் எந்த வரிசையில் இருந்தன என்பதைக் கைபேசியில் படமெடுத்து வையுங்கள். உட்புறத்தில் அப்பியிருக்கும் காய்ந்த புல்லை ஒரு மரச்சீவலால் சுரண்டிவிட இதுவே நல்ல தருணம்.

கழற்றிய கத்தியை வெளிச்சத்தில் ஊன்றிப் பாருங்கள். விரிசல் இருந்தாலோ, வளைந்திருந்தாலோ, முனைக்கு அருகில் மேல்நோக்கி மடிந்திருக்கும் சிறகுப் பகுதி மணல் தேய்த்து மெலிந்திருந்தாலோ அந்தக் கத்தியைக் கழித்துவிடுங்கள். நிமிர்த்துவதும் பற்றவைப்பதும் கூடாது. எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,000 சுற்றுகள் சுற்றும்போது தெறிக்கும் இரும்புத் துண்டு யார் மேல் படும் என்று சொல்ல முடியாது.

படி 4: அரம் போடுங்கள்

பொறுமை வேண்டிய இடம் இது. கத்தியை வைஸில் இறுக்கிப் பாருங்கள்: இரு முனைகளிலும் ஒரு பக்கம் மட்டும் சரிவாகச் சீவப்பட்டிருக்கும். ஏறக்குறைய 30 பாகை அளவிலான அந்தச் சரிவை நீங்கள் புதிதாக உருவாக்க வேண்டியதில்லை. தொழிற்சாலை கொடுத்த சரிவின் மேலேயே அரத்தைப் படியவைத்து, ஒரே திசையில் நீளமாகத் தள்ளுங்கள். திரும்ப இழுக்கும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். பழைய கறை போய் வெள்ளை உலோகம் ஒரே பட்டையாகத் தெரியும்வரை தொடருங்கள். ஒரு முனைக்கு எத்தனை தள்ளு தள்ளினீர்களோ, அதே எண்ணிக்கையை மறுமுனைக்கும் கொடுங்கள்.

சவரக்கத்தியின் கூர் இதற்கு ஆகாது. அவ்வளவு மெல்லிய விளிம்பு முதல் கூழாங்கல்லிலேயே மடங்கிவிடும். அடிப்பக்கத்தில் விரல் நுனியை விளிம்புக்குக் குறுக்காக மெதுவாக நகர்த்தினால் மெல்லிய பிசிறு ஒன்று தட்டுப்படும். அரத்தை அங்கே தட்டையாக வைத்து ஓரிரு முறை தடவினால் அது உதிர்ந்துவிடும். மின்சாரத்தில் சுழலும் சாணைக்கல் (கிரைண்டர்) வைத்திருப்பவர்கள் விரைவாக முடிக்கலாம், ஆனால் விளிம்பு நீலம் பாய்ந்துவிட்டால் இரும்பின் பதம் கெட்டுவிட்டது என்று பொருள்; அந்தக் கூர் நிலைக்காது. தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு அரமே நல்லது.

படி 5: சமநிலை பாருங்கள்

சுவரில் அடித்த ஆணியில் கத்தியின் நடுத்துளையை மாட்டிக் கிடைமட்டமாக விடுங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கம் கனம் கூடுதல். அங்கே இன்னும் சிறிது அரம் போட்டு மறுபடி மாட்டுங்கள். எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும்வரை இதைச் செய்ய வேண்டும். சமநிலை தவறிய கத்தி கைப்பிடிவரை அதிர்வைக் கொண்டுவருவதோடு, எஞ்சினின் சுழல்தண்டையும் தேய்த்துவிடும்.

படி 6: பொருத்துங்கள்

சுண்ணக்குறி தரையைப் பார்க்க வேண்டும். சிறகுப் பகுதி இயந்திரத்தின் உட்புறத்தை நோக்கி நிற்க வேண்டும். தலைகீழாகப் பொருத்தினால் கூர் இருந்தும் புல் வெட்டுப்படாது. வாஷர்களைப் படத்தில் உள்ள வரிசையிலேயே போட்டு, கையேட்டில் சொல்லியிருக்கும் அளவுக்குப் போல்ட்டை இறுக்குங்கள். அதற்கு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் ஊகத்துக்கு இடமில்லை. எல்லாம் முடிந்து இயந்திரத்தை நிமிர்த்திய பிறகே பிளக் வயரை மாட்ட வேண்டும்.

முதல் வெட்டில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். 20 முதல் 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை சாணை பிடித்தால் பொதுவாகப் போதும். கல்லிலோ வேரிலோ மோதினால் அன்றே நிறுத்திப் பாருங்கள். புதிதாகப் பொருத்திய கத்தி ஐந்து நிமிடம் ஓடியதும் எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, பிளக் வயரை மறுபடியும் கழற்றிவிட்டு, போல்ட்டை ஸ்பேனரால் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அது அசையாமல் இருந்தால் வயரை மாட்டி மீதித் தரையை வெட்டலாம்.