அவுஸ்பில்டுங்: இடம் தேடுவதிலிருந்து விசா வரை

ஜெர்மனியின் அவுஸ்பில்டுங் சம்பளத்தோடு கூடிய தொழிற்பயிற்சி. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளி, மற்ற நாள்களில் நிறுவனத்தில் வேலை. தொழிலைப் பொறுத்து இரண்டு முதல் மூன்றரை ஆண்டு. நான் படிக்கும் மெக்கட்ரானிக்ஸ் (இயந்திரவியலும் மின்னணுவியலும் கலந்த தொழில்) மூன்றரை. பி1 (இடைநிலை) ஜெர்மன் முடித்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். முடிக்காதவர்கள் முதலில் அதை முடியுங்கள்.

படி 1: இடம் தேடுதல்

ஜெர்மன் அரசின் வேலைவாய்ப்பு முகமை நடத்தும் இணையதளம் ஒன்றே போதும். பயிற்சி பெரும்பாலும் ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில் தொடங்கும். பல நிறுவனங்கள் ஓராண்டு முன்பே ஆள் எடுக்கத் தொடங்கிவிடுகின்றன. எல்லோரும் மியூனிக், பெர்லின் என்று அலைகிறார்கள். வாடகையிலேயே சம்பளம் கரைந்துவிடும். சிறிய ஊர்களில் தேடுங்கள்.

படி 2: விண்ணப்பம்

ஒரு பக்கக் கடிதம், அட்டவணை வடிவில் தன்விவரம், மொழிபெயர்த்த மதிப்பெண் சான்றிதழ்கள். எல்லாம் ஒரே பிடிஎஃப் கோப்பில் இருக்கட்டும். யூரோபாஸ் (ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுவான தன்விவர வார்ப்புரு) படிவம் எனக்குப் பிடிக்காது. வேர்டில் நீங்களே எழுதுவது நன்று. கடிதத்தை மென்பொருளிடம் எழுதி வாங்காதீர்கள். நேர்காணலில் அதிலிருந்தே ஒரு வரியை எடுத்துக் கேள்வி கேட்பார்கள்.

படி 3: பெயர்

இதில்தான் எனக்கு அதிக நேரம் போனது. நம் சான்றிதழ்களில் முதலெழுத்தோடு பெயர் இருக்கும். ஜெர்மன் படிவமோ குடும்பப் பெயரைத் தனியாகக் கேட்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'முருகவேல் கு', பாஸ்போர்ட்டில் 'முருகவேல்' மட்டும், மொழித்தேர்வுச் சான்றிதழில் 'முருகவேல் குமாரசாமி' என்று இருந்தால், மூவரும் ஒருவரே என்று காட்டும் வேலை உங்கள் தலையில் விழும். பாஸ்போர்ட்டை அடிப்படையாக வையுங்கள். அதில் குடும்பப் பெயர் காலியாக இருந்தால், தேர்வுக்குப் பதிவு செய்வதற்கு முன்பே தந்தை பெயரைச் சேர்த்துப் புதிய பாஸ்போர்ட் வாங்கிவிடுங்கள். பிறகு மொழித்தேர்வு, ஒப்பந்தம், விசா விண்ணப்பம் மூன்றிலும் எழுத்து பிசகாமல் அதே பெயர். (வேலைக்குச் சேர்ந்தபின் எல்லோரும் உங்களை 'ஹெர் குமாரசாமி' (திரு. குமாரசாமி) என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பாவைத் தேடித் திரும்பிப் பார்க்காதீர்கள்.)

படி 4: ஒப்பந்தம்

கையெழுத்தானதும் வேலை முடியவில்லை. அந்தப் பகுதியின் தொழில் வணிக மன்றத்திலோ கைவினைஞர் மன்றத்திலோ நிறுவனம் ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும், இது சட்டம். பதிவுச் சான்றின் நகலையும், நிறுவனம் நிரப்ப வேண்டிய வேலை உறுதிப் படிவத்தையும் கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டு மாணவரை முதல்முறையாக எடுக்கும் சிறிய நிறுவனத்துக்கு இந்தப் படிவம் இருப்பதே தெரியாமல் இருக்கலாம். நிறுவனம் மனம் வைத்தால் 411 யூரோ கட்டணத்தில் விசாவுக்கான விரைவு நடைமுறையும் உண்டு. அதை அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் அவர்கள்தான் தொடங்க வேண்டும்.

படி 5: விசா

கட்டணம் 75 யூரோ. சிக்கல் பணக்கணக்கில்தான். முதலாண்டுக்கான குறைந்தபட்சப் பயிற்சிச் சம்பளம் 2025-ல் தொடங்கிய ஒப்பந்தங்களுக்கு 682 யூரோ, 2026-க்கு 724. இது பிடித்தத்துக்கு முந்தைய தொகை. சமூகக் காப்பீட்டுக்கே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். வாழ்க்கைச் செலவுக்கு அது போதாது என்று தூதரகம் கருதினால், மீதியை முடக்கக் கணக்கில் (மாதத்துக்கு ஒரு குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) போட்டுக் காட்ட வேண்டியிருக்கும். உலோக, மின் துறைகளில் கூட்டு ஒப்பந்தம் (தொழிற்சங்கத்தோடு செய்த சம்பள உடன்பாடு) உள்ள நிறுவனங்கள் ஆயிரம் யூரோவுக்கு மேல் தருகின்றன. அங்கே இந்தத் தலைவலி குறைவு.

பின்சேர்க்கை: 'இடம் வாங்கித் தருகிறோம்' என்று லட்சக்கணக்கில் கேட்கும் முகவர்களைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். நிறுவனத்தில் நடக்கும் பயிற்சிக்கு மாணவர் கட்டணம் கட்டுவதில்லை. மொழி வகுப்பு, மொழிபெயர்ப்பு, விசா, விமான டிக்கெட் தவிர எதற்குப் பணம் கேட்டாலும் ரசீதும் காரணமும் கேளுங்கள்.

இன்னொன்று: இடம் கிடைக்காமலே அங்கே போய்த் தேடவும் விசா இருக்கிறது. 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, அதிகபட்சம் 9 மாதம். அந்தக் காலத்துக்கான செலவுப் பணத்தை முன்கூட்டியே காட்ட வேண்டும் என்பதால், ஊரிலிருந்தே தேடுவதைத்தான் நான் சொல்வேன்.