மழை நாளில் ஹோர்ட்டன் சமவெளி: தனியே நடப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழை என்றால், இலங்கை மலைநாட்டின் தேசியப் பூங்காவான ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். கூட்டம் குறைவு, புல்வெளியின் பச்சை கண்ணைப் பறிக்கும், மரைகள் பாதையோரத்திலேயே நின்று மேயும். ஆனால் தனியாகப் போகிறவருக்கு ஒரு குறை உண்டு. "உதடெல்லாம் நீலமாகிவிட்டது, வா திரும்புவோம்" என்று சொல்லப் பக்கத்தில் ஆள் இருக்காது. இங்கே நடக்கிற தவறுகளில் பாதி, அந்த ஒரு குரல் இல்லாததால் வருபவைதான்.

முதலில் உடுப்பு. சமவெளி 2,100 மீற்றருக்கு மேலே இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலையே 13 பாகை செல்சியஸ் அளவுதான். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் ஜீன்ஸும் பருத்தி டீசேர்ட்டுமாக இறங்குவார்கள். பருத்தி ஒருமுறை நனைந்தால் தண்ணீரை விடாது, காற்றடிக்க அடிக்க உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். குடையும் உதவாது. உலக முடிவு என்கிற செங்குத்துப் பாறை விளிம்பின் பக்கம் பள்ளத்தாக்கிலிருந்து மேலேறி வருகிற காற்று அதை மறுபக்கமாகப் புரட்டிவிடும். உள்ளே சீக்கிரம் காயும் விளையாட்டுத் துணி, அதன் மேல் கம்பளி ஜேர்சி, வெளியே தொப்பி வைத்த மழைக்கோட்டு. இது போதும்.

குளிர் உடம்பில் ஏறுவதைத் தனியாக இருப்பவர் கண்டுபிடிப்பது கஷ்டம், ஏனென்றால் அது மூளையையும் சேர்த்தே மந்தமாக்குகிறது. நடுங்கும் வரை பரவாயில்லை, உடம்பு இன்னும் போராடுகிறது. விரல்கள் ஜிப்பைப் பிடிக்காமல் வழுக்கினால், சும்மா தட்டையான பாதையில் கால் இடறினால், விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம். உடம்பு சூடாகாமலே நடுக்கம் நின்றுபோனால் அது இன்னும் மோசம். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை கட்டைவிரலால் சுண்டுவிரலின் நுனியைத் தொட்டுப் பாருங்கள். சரியாகத் தொட முடியவில்லையா, அந்த இடத்திலேயே திரும்பிவிடுங்கள். மழையில் உட்கார இடமில்லை என்று சாப்பிடாமல் நடப்பதும் இதே குழியில்தான் தள்ளும். நின்றபடியே வாயில் போடக்கூடிய கச்சானோ பேரீச்சம்பழமோ கோட்டுப் பையில் இருக்கட்டும்.

மாற்றுடுப்பை சொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு வருவது இன்னொரு வழமையான தவறு. பூங்காவுக்குள் பொலித்தீன் கொண்டுபோக முடியாது. நடைபாதை தொடங்கும் இடமான ஃபார் இன்னில் பையைத் திறந்து பார்ப்பார்கள். தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கும் லேபிளைக்கூட உரித்துவிடுவார்கள். அந்த நேரத்தில் சுற்றியதையெல்லாம் பிரித்துக் கொடுத்துவிட்டு, காய்ந்த ஜேர்சியை அப்படியே மழைக்குள் கொண்டுபோக வேண்டியதுதான். நீர்புகாத தடித்த பை ஒன்றோ, இறுக மூடும் டப்பாவோ வீட்டிலிருந்தே எடுத்து வாருங்கள்.

அப்புறம் நேரம். உலக முடிவையும் பேக்கர் நீர்வீழ்ச்சியையும் தொட்டுத் திரும்பும் சுற்றுப்பாதை 9 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. நல்ல நாளில் மூன்று மணித்தியாலத்தில் முடிக்கிறவருக்கு மழையில் நாலு தாண்டும். காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் உலக முடிவை மூடுபனி மூடிவிடும் என்பது ஊரறிந்த விஷயம். மழை நாளில் விடியும்போதே மூடியிருக்கலாம். அங்கே வந்து சேர்ந்தவர் செய்கிற மிகப் பெரிய தவறு, பனி விலகுமென்று விளிம்பை ஒட்டி நின்று காத்திருப்பது. கீழே 800 மீற்றருக்கு மேல் பள்ளம். ஒரு கணம் வெள்ளை கிழிந்து தேயிலைத் தோட்டம் தெரியும், கை தானாகப் போனைத் தேடும், கால் தானாக ஓரடி முன்னே வைக்கும். ஈரப் புல்லில் அந்த ஓரடி மிகவும் அதிகம். பனி இருக்கும்போது விளிம்பிலிருந்து நாலைந்து மீற்றர் தள்ளியே நில்லுங்கள். காட்சி கிடைக்காவிட்டால் போகட்டும்.

உலக முடிவுக்கு வரும்போது ஏறத்தாழப் பாதித் தூரம் ஆகியிருக்கும். "இவ்வளவு தூரம் வந்தாயிற்று, பேக்கர் நீர்வீழ்ச்சியையும் பார்த்துவிட்டே போவோம்" என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். சாரல் மழையென்றால் சரி. இரவு முழுக்கக் கொட்டியிருந்தால், அல்லது மழை வலுத்துக்கொண்டு வந்தால், வந்த வழியே திரும்புவதுதான் புத்தி. வந்த வழி எங்கே வழுக்கும் என்று உங்கள் காலுக்குத் தெரியும். சுற்றுப்பாதையின் மற்றப் பக்கத்தில் பெலிஹுல் ஓயா ஆறு ஓடுகிறது, நீர்வீழ்ச்சிக்கு இறங்கி ஏறும் படிகளும் பாசி பிடித்தவை. பாதையைக் குறுக்கே வெட்டித் தண்ணீர் கலங்கலாக, வேகமாக ஓடினால் முழங்கால் ஆழமே ஆளைச் சாய்த்துவிடும். மேட்டில் பிறந்த சிற்றோடைகள் மழை விட்டதும் சீக்கிரமே வடியும், ஆகவே காத்திருங்கள். மழை விடவே இல்லையென்றால் திரும்புங்கள்.

ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி இறங்கும். திறந்த புல்வெளியில் உயரமான பொருள் நீங்கள்தான். அதற்காகத் தனியாக நிற்கிற மரத்தடிக்கு ஓடாதீர்கள். மதியத்துக்கு முன்பே வெளியே வந்துவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

போனை நம்பி வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சிக்னல் பல இடங்களில் கிடைக்காது, நனைந்த திரையில் விரலை வைத்தால் அது வேறு எதையோ திறக்கும். எத்தனை மணிக்குள் வெளியே வருவீர்கள் என்பதை வான் சாரதியிடமோ தங்கியிருக்கும் இடத்திலோ சொல்லிவிட்டுப் போங்கள், ஒரு விசிலையும் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

கிரிகல்பொத்த ஏறுவதைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். 2,388 மீற்றர், நாட்டின் இரண்டாவது உயரமான மலை, தொடக்கம் ஃபார் இன் பக்கம்தான். சுற்றுப்பாதையைப் போல ஆள் நடமாட்டம் அங்கே கிடையாது, புல் மூடிய ஒற்றையடிப் பாதை மூடுபனியில் காணாமல் போகும். மழையில் தனியாக வேண்டவே வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரையான நாட்களில் ஒரு துணையோடு போங்கள். அப்போது விடிகாலையில் புல்லில் உறைபனி படிந்திருக்கும் என்பதால் கையுறை மட்டும் மறக்காதீர்கள்.