பழைய லான்ட் ரோவருக்குப் புதுப் பெயின்ற்: வன்னியில், உங்கள் வளவிலேயே

பழைய லான்ட் ரோவர் ஒன்று வீட்டில் நிற்கிறது, எஞ்சின் சொன்னபடி கேட்கிறது, ஆனால் உடம்பைப் பார்க்கத்தான் மனம் பொறுக்கவில்லை என்றால் இந்தப் பதிவு உங்களுக்கு. மேலே ஒரு பச்சை, உரிந்த இடத்தில் அதற்கு முந்திய நீலம், கதவின் அடியில் கறள், இடம்பெயர்ந்த காலத்தில் பட்ட சன்னத் துளையை அடைத்த ஒரு தகரத் துண்டு. வன்னியில் ஓடிய வாகனத்தில் இதெல்லாம் இருக்கும்.

கம்ப்ரெஷரும் ஸ்பிறே கன்னும் இல்லாமல், எனாமல் பெயின்ற், நான்கு அங்குல ஸ்பொஞ்ச் ரோலர், ஒரு நல்ல தூரிகை, இவற்றை வைத்தே செய்யும் முறையைச் சொல்கிறேன். கராச்சில் அடிக்கும் கண்ணாடிப் பளபளப்பு இதில் வராது. ஆனால் வயல் வரம்பிலும் காட்டுப் பாதையிலும் போகும் வண்டிக்கு அந்தப் பளபளப்பு எத்தனை நாளைக்கு? ஒரு முள்மரம் உரசினால் போதும். எனாமல் என்றால் அந்த இடத்தை மட்டும் உரஞ்சி, மீதி டின்னில் இருப்பதைப் பூசி, மறுநாளே வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம். நீங்களே திருத்திக்கொள்ளக்கூடிய பெயின்றுதான் வேலை செய்யும் வண்டிக்கு ஏற்ற பெயின்ற் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொரு காரணமும் இருக்கிறது. ஹார்ட்னர் (இறுகச் செய்யும் பொருள்) கலந்து அடிக்கும் டூ-கே பெயின்றில் ஐசோசயனேற் என்ற நச்சுப்பொருள் உண்டு. ஸ்பிறே செய்யும்போது அது நுரையீரலுக்குப் போனால் தீராத ஆஸ்துமா வரலாம். வாயில் லேஞ்சி கட்டுவதெல்லாம் அதற்கு முன்னால் நிற்காது. வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தமான காற்று வரும் கவசம் வேண்டும். வீட்டில், பிள்ளைகள் ஓடித் திரியும் வளவில், அது வேண்டவே வேண்டாம்.

எந்த மாதம்?

ஐப்பசி முதல் மார்கழி வரை மாரி, பேச்சுக்கே இடமில்லை. தையில் மழை விட்டாலும் விடியப் பனி தகரத்தில் துளித்துளியாக நிற்கும். வைகாசிக்குப் பிறகு சோளகக் காற்று தொடங்கினால் கிரவல் வீதியின் செம்புழுதி முழுவதும் உங்கள் ஈரப் பெயின்றில்தான் வந்து படியும். காலபோக அறுவடை நடக்கும் நாட்களில் பக்கத்து வயலில் மெசின் இறங்கினால் பதரும் தூசும் பறக்கும். ஆகவே அறுவடை முடிந்து, வெயில் உச்சத்துக்குப் போகும் முன், பங்குனியில் தொடங்குவது நல்லது. சித்திரையில் பின்னேரத்து இடிமழைக்கும் பயப்பட வேண்டும்.

வண்டியை மரத்தின் கீழ் நிறுத்தாதீர்கள். இலை, பிசின், காக்கை எச்சம் எல்லாம் விழும். நான்கு தடி நட்டு, மேலே தறப்பாள் கட்டி, காற்று வரும் பக்கத்தை மட்டும் மறைத்துவிட்டால் போதும். நான்கு பக்கமும் மூடினால் உள்ளே வெக்கை தாங்காது, பெயின்ற் மணமும் வெளியேறாது.

முதலில் ஒரு காந்தம்

பழுதான ஸ்பீக்கரிலிருந்து ஒரு காந்தத்தைக் கழற்றி, மெல்லிய துணியில் சுற்றி, வண்டி முழுக்க வைத்துப் பாருங்கள். லான்ட் ரோவரில் இது அவசியம். 1948இல் அந்த வண்டி வந்தபோது போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் உருக்குக்குத் தட்டுப்பாடு. அதனால் உடம்பின் பெரும்பகுதியை பேர்மாபிரைட் என்ற அலுமினியக் கலவையில் செய்தார்கள். சேசியும், எஞ்சினுக்கும் இருக்கைக்கும் நடுவில் நிற்கும் தடுப்பும், கதவுச் சட்டமும் உருக்கு. மட்காட்டில் காந்தம் ஒட்டாமல் வழுக்கும். முன்கண்ணாடிக்குக் கீழே வந்ததும் டக்கென்று பிடித்துக்கொள்ளும். ஒட்டும் இடத்தையும் ஒட்டாத இடத்தையும் சோக்கட்டியால் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் மருந்து வேறு.

உங்களிடம் இருப்பது முழுக்க உருக்கால் ஆன வில்லிஸ் அல்லது மிற்சுபிசி ஜீப் என்றாலும் காந்தம் உதவும். எங்கள் பக்கத்தில் நெடுங்காலம் டிங்கர் வேலை செய்த ஒரு அண்ணை சொல்வார்: "காந்தம் பிடிக்காத இடத்திலை தகரம் இல்லைத் தம்பி, புட்டிதான் இருக்கு." பழைய ஜீப்புகளில் கறள் தின்ற ஓட்டையை விரல் தடிப்புக்குப் புட்டி வைத்து மூடியிருப்பார்கள். அதை உடைத்தெடுத்துத் தகரம் ஒட்டிய பிறகுதான் மற்ற வேலை.

கழற்றுதல், கழுவுதல்

பற்றரி வயரைக் கழற்றுங்கள். பிறகு விளக்கு வளையங்கள், பக்கக் கண்ணாடிகள், கதவுப் பிடிகள், றப்பர்கள், இலக்கத் தகடு என்று கழற்ற முடிந்த எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஒவ்வொன்றின் நட்டையும் தனித்தனிப் பையில் போட்டு, எந்த இடத்தது என்று எழுதி வையுங்கள். கறளேறிய நட்டை முறுக்கி உடைக்காமல், முதல்நாள் இரவே எண்ணெய் விட்டு ஊற விடுங்கள். சில்லையும் கழற்றுவதென்றால் பிரேக் டிரமுக்குள் இருக்கும் தூளை ஊதவோ காற்று அடிக்கவோ கூடாது. பழைய பிரேக் லைனிங்கில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடையுங்கள்.

கழுவும்போது நம் ஊர்ப் பழக்கம் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். எதையும் மண்ணெண்ணெயால் துடைப்பது. பொருளாதாரத் தடைக் காலத்தில் வாகனமே மண்ணெண்ணெயில்தானே ஓடியது, அது எங்கள் கையோடு வந்த பழக்கம். கிறீஸைக் கரைக்க அது நல்லது. ஆனால் துடைத்த பிறகு கண்ணுக்குத் தெரியாத ஒரு எண்ணெய்ப் படலம் நிற்கும். அதன் மேல் பூசிய பெயின்ற் மீன் கண் போலச் சின்னச் சின்ன வட்டமாக விலகிப்போகும். ஆகவே மண்ணெண்ணெய் பாவித்தால், அதன் பின் பாத்திரம் கழுவும் திரவமும் வெந்நீரும் கொண்டு இரண்டு தடவை கழுவுங்கள். நன்றாகக் கழுவியதற்கு அடையாளம், ஊற்றிய தண்ணீர் முத்து முத்தாகத் திரளாமல் தகட்டில் ஒரே பாயாக விரிவது. திரண்டால் மறுபடியும் கழுவுங்கள்.

கழுவிய தண்ணீரும் உரஞ்சிய சேறும் கிணற்றுப் பக்கம் போக விடாதீர்கள். வண்டியை நிறுத்தும்போதே இதை யோசித்து, கிணற்றிலிருந்து தள்ளி, சரிவு மறுபக்கம் இருக்கும் இடமாகப் பாருங்கள்.

பழைய பெயின்றை அறிதல்

வெள்ளைத் துணியில் என்.சி. தின்னரை (நைற்றோசெலுலோஸ் பெயின்றைக் கரைக்கும் திரவம்) தொட்டு, மறைவான ஒரு இடத்தில் அரை நிமிடம் வைத்துத் தேயுங்கள். நிறம் கரைந்து துணியில் வந்தால் அது என்.சி. லாக்கர். சுருங்கினால் எனாமல். எதுவுமே நடக்காவிட்டால் நன்றாக இறுகிய கடும் பெயின்ற், அதன் மேல் தாராளமாகப் பூசலாம். எனாமலின் மேல் என்.சி. வகைப் பெயின்றையோ பிறைமரையோ (நிறத்துக்குக் கீழே பூசும் அடிப்பூச்சு) பூசினால் கீழே இருப்பது சுருங்கி எழும்பிவிடும். நாங்கள் பூசப்போவது எனாமல் என்பதால் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் தகரம் வரை உரஞ்சாமல் பழைய பெயின்ற் நிற்கும் இடங்களில் என்.சி. பிறைமர் வாங்கிப் பூசிவிடாதீர்கள்.

உரஞ்சல், கறள், வெள்ளைப் பொடி

முழுவதையும் உரித்தெடுக்கத் தேவையில்லை. இறுக்கமாகப் பிடித்திருக்கும் பழைய பெயின்றைவிட நல்ல அடித்தளம் கிடைக்காது. பளபளப்புப் போகும் வரை 240, அதன் பின் 320 இலக்க வாட்டர் பேப்பரால் (இலக்கம் கூடக் கூடத் தாள் மென்மை) தண்ணீர் விட்டு உரஞ்சினால் போதும். உரிந்த இடத்தின் ஓரத்தை மட்டும் 80இல் தொடங்கி, 180, 320 என்று, விரலால் தடவினால் படி தெரியாத அளவுக்குச் சரிவாக்குங்கள். கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத படியை விரல் காட்டிக்கொடுக்கும். பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம் என்பதால் உலர உரஞ்சாதீர்கள். தண்ணீரோடு உரஞ்சுங்கள், என்-95 வகை முகக்கவசம் போடுங்கள்.

உருக்குப் பகுதியில் கறளைக் கம்பித் தூரிகையால் பளிச்சென்று தகரம் தெரியும் வரை தேயுங்கள். குழிகளுக்குள் நிற்கும் கறளுக்கு பொஸ்போரிக் அமிலம் கலந்த கறள் மாற்றி கடைகளில் கிடைக்கும். கையுறை போட்டுப் பூசுங்கள். அது கறுத்த பிறகு, டின்னில் சொன்னபடி கழுவியோ துடைத்தோ, வெயிலில் காய விடுங்கள்.

அலுமினியத்தில் செம்மைக் கறள் வராது. பெயின்றுக்குக் கீழே கொப்புளம் போட்டு, குத்தினால் வெள்ளைப் பொடி உதிரும். உருக்குத் திருகாணி அலுமினியத்தைத் தொடும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் அலுமினியம்தான் கரையும். முல்லைத்தீவுக் கரைப் பக்கத்து வண்டிகளில் உப்புக் காற்றும் சேர்வதால் இது இன்னும் மோசம். இங்கே இரண்டு கட்டுப்பாடுகள். உருக்குக் கம்பித் தூரிகையைப் பாவிக்காதீர்கள்: இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்து புதிதாக அரிப்பைத் தொடங்கும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நார்த்துண்டும் 180 பேப்பரும் போதும். அதைவிட முக்கியமாக, பெயின்றை உரிக்கக் கோஸ்ரிக் சோடா போடவே கூடாது. அது அலுமினியத்தையே தின்றுவிடும்.

சன்னத் துளைகளை அடைத்திருக்கும் தகரத் துண்டுகளையும் இப்போதே பாருங்கள். அலுமினிய உடம்பில் உருக்குத் தகரத்தை ஒட்டியிருந்தால் அதைச் சுற்றி நிச்சயம் வெள்ளைப் பொடி இருக்கும். கழற்றிவிட்டு, உள்பக்கத்திலிருந்து அலுமினியத் துண்டை வைத்து அலுமினிய ரிவெற் அடியுங்கள். சிலர் ஒன்றிரண்டு துளைகளை அடைக்காமல் அப்படியே விடுகிறார்கள். வண்டி எங்கெல்லாம் போய் வந்தது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி. விட விரும்பினால் விளிம்பை மழுக்கி, அங்கேயும் பெயின்ற் நன்றாகப் போகும்படி பாருங்கள்.

புட்டி

பள்ளங்களை நிரப்பும் புட்டியைக் குறைவாக வையுங்கள். ஹார்ட்னர் எடையில் ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு பங்கு. நம் வெக்கையில் குழைத்துச் சில நிமிடங்களிலேயே இறுகத் தொடங்கும் என்பதால் ஒரு தடவைக்கு ஒரு கரண்டி அளவு மட்டும் குழையுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று ஹார்ட்னரைக் கூட்டினால் பிறகு மேலே பூசும் நிறத்தில் கறையாக ஊறி வரும். புட்டியைச் சுத்தமான உலோகத்தின் மேல் நேரடியாக வையுங்கள்.

பிறைமர்

அலுமினியம் வெளியே தெரியும் இடங்களுக்கு எட்ச் (etch) பிறைமர். அதிலுள்ள அமிலம் உலோகத்தைக் கடித்துப் பிடிக்கும். கீழே இருக்கும் உலோகம் மங்கலாகத் தெரியும் அளவுக்கு மெல்லியதாகப் பூசினால்தான் வேலை செய்யும். இதன் மேல் புட்டி வைக்கக் கூடாது, அமிலம் புட்டியை இறுக விடாது. உருக்குக்கு சிங்க் பொஸ்பேற் பிறைமர் கிடைத்தால் அது, இல்லாவிட்டால் ரெட் ஒக்சைட். பிறைமர் தண்ணீரை உறிஞ்சும். பூசிவிட்டு வண்டியை வாரக்கணக்கில் பனியில் விட்டால் அடியில் கறள் மறுபடி தொடங்கும். பிறைமர் காய்ந்ததும் 320ஆல் மெல்ல உரஞ்சித் துடைத்து, தாமதிக்காமல் நிறத்துக்குப் போங்கள்.

நிறம்

வாங்கும் முன் வாகனப் பதிவுச் சான்றிதழைப் பாருங்கள். அதில் எழுதியிருக்கும் நிறத்தை மாற்றுவதென்றால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டு, பதிவையும் மாற்ற வேண்டும். பட்டாளத்துப் பச்சையையும் புள்ளி வேடத்தையும் தவிர்த்துவிடுங்கள்; எங்கள் வீதிகளில் அது தேவையில்லாத கேள்விகளைக் கொண்டுவரும். கூரைக்கு மட்டும் வெளிர் நிறம் நல்லது. பழைய லான்ட் ரோவர்களில் லைம்ஸ்ரோன் என்ற பாலாடை நிறக் கூரை வந்தது பார்க்க அழகுக்காக மட்டுமல்ல, வெயிலில் உள்ளே இருப்பவருக்கு அது உண்மையாகவே உதவும். குட்டை லான்ட் ரோவருக்கு நான்கு லீற்றர் டின் ஒன்று தாராளம், கூரைக்கு ஒரு லீற்றர் தனியாக.

காலை வேளையில் பனி முழுதும் காய்ந்த பிறகு தொடங்குங்கள். தகட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள், சுட்டால் நிறுத்துங்கள். சுடும் தகட்டில் பெயின்ற் பரவும் முன்பே இறுகி ரோலர்த் தடம் நிற்கும். நிலத்தில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்குங்கள். கோழிகளைக் கூட்டில் அடையுங்கள். டின்னை அடிவரை கலக்கி, பழைய நைலோன் துணியில் வடித்து, மினரல் ரேர்ப்பன்ரைன் பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல் சேருங்கள்.

மேலிருந்து கீழே வாருங்கள்: கூரை, பொனற், பக்கங்கள். ஒரு தடவையில் இரண்டடிச் சதுரம். ரோலரால் மெல்லியதாக உருட்டிவிட்டு, உடனே, கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையின் நுனியால், பாரமே கொடுக்காமல் ஒரே திசையில் இழுங்கள். ரோலர் விட்ட குமிழிகள் உடையும், பெயின்ற் தானாக மட்டமாகும். முதல் பூச்சில் கீழே இருப்பது தெரியத்தான் செய்யும். அதை மறைக்க வேண்டுமென்று தடிப்பாக வைத்தால் பக்கங்களில் வடிந்துவிடும். ஒரு நாள் காய விட்டு, 400 வாட்டர் பேப்பரால் லேசாகத் தடவி, துடைத்து, அடுத்தது. மூன்று மெல்லிய பூச்சுகள்.

வெயில் சாயும் முன் நிறுத்திவிடுங்கள். விளக்குப் போட்டு வேலை செய்தால் பூச்சிகள் வந்து ஒட்டும். ஒட்டிய பூச்சியை ஈரத்தில் நோண்டாதீர்கள், காய்ந்த பிறகு உரஞ்சினால் தடயமே இருக்காது. மாஸ்கிங் ரேப்பை மட்டும் கடைசிப் பூச்சு முழுதாகக் காயும் முன் இழுத்துவிடுங்கள்.

எனாமல் ஊறிய துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காய வையுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் போடுங்கள்.

தொட்டால் ஒட்டாத நிலை மறுநாளே வரும், உள்ளே இறுக மூன்று நான்கு கிழமை பிடிக்கும். அதுவரை சேர்விஸ் நிலையத்தில் கொடுத்து வேகத் தண்ணீர் அடிக்க வேண்டாம், மெழுகும் வேண்டாம். கழற்றியவற்றைப் பூட்டும்போது, அலுமினியத்தில் போகும் ஒவ்வொரு உருக்குத் திருகாணிக்கும் கொஞ்சம் கிறீஸ் தடவி, கீழே ஒரு பிளாஸ்ரிக் வாசர் வையுங்கள். மீதிப் பெயின்றை ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தலில் விளிம்பு வரை நிரப்பி, இறுக மூடி வையுங்கள். காற்று இல்லாவிட்டால் மேலே தோல் கட்டாது, அடுத்த முள் கீறும்போது அது வேண்டியிருக்கும்.