மறுபடி ஊராட்சித் தலைவர் தேர்தலில் நிற்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐந்து வருடம் தலைவராக இருந்துவிட்டு மறுபடி நிற்பவர்கள் பெரும்பாலும் முதல் தேர்தலையே திரும்ப நடத்துகிறார்கள். அதே ஆட்கள், அதே துண்டறிக்கை, அதே தெரு வரிசை. முதல் முறை வாக்குறுதி கொடுத்தால் போதுமாக இருந்தது. இந்த முறை ஒவ்வொரு வாசலிலும் கணக்கு கேட்பார்கள். இன்னொன்றும் உண்டு. தமிழ்நாட்டில் 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்து, ஊராட்சிகள் அரசு நியமித்த தனி அலுவலர்கள் கைக்குப் போயின. அங்கெல்லாம் திரும்ப நிற்பவர் கையில் அதிகாரமும் இல்லை, பதிவேடுகளும் இல்லை. ஆனால் குழாயில் தண்ணீர் வராவிட்டால் திட்டு மட்டும் அவருக்குத்தான்.

ஓட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள், குடித்துவிட்டு ஓட்டு கேட்கப் போகாதீர்கள் என்பதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நிற்பவருக்கே தெரியாமல் காலை வாருகிறவற்றை மட்டும் பார்ப்போம்.

இட ஒதுக்கீடு வெளிவரும் முன் செலவு செய்வது

பொதுவா, பெண்களுக்கா, ஆதிதிராவிடருக்கா என்ற அறிவிப்பு வரும்வரை ஒரு ரூபாய்கூட எடுக்காதீர்கள்.

"அது நமக்கு ஓட்டு போடாத தெரு"

பதவியில் இருந்தவர்களைத் தோற்கடிப்பதில் இதற்கு இணையான தவறு கிடையாது. இத்தனை தேர்தல் பார்த்த பிறகும் ஒவ்வொரு முறையும் புதிதாக யாராவது இதையே செய்கிறார்கள் என்பதுதான் எரிச்சல்.

முதலில் கணக்கைப் பாருங்கள். ஓர் ஊராட்சியில் 2,400 வாக்காளர்கள், 1,920 ஓட்டு பதிவாகிறது, 60 செல்லாதவை என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேர் போட்டி. வென்றவருக்கு 610, இரண்டாம் இடத்துக்கு 560, மற்ற மூவருக்கும் சேர்த்து 690. வென்றவர் செல்லுபடியான ஓட்டில் மூன்றில் ஒரு பங்குகூட வாங்கவில்லை. 1,250 பேர் அவரை வேண்டாம் என்றிருக்கிறார்கள். ஓட்டு ஐந்தாகப் பிரிந்ததால் அவர் தலைவர். அடுத்த முறை அந்த ஐந்து பேரும் அப்படியே நிற்க மாட்டார்கள். தோற்றவர்களில் இரண்டு பேர் ஒன்று சேர்ந்தால் கதை முடிந்தது. எனவே திரும்ப ஜெயிக்க வேண்டிய ஓட்டு, போன முறை போடாதவர்களிடம்தான் இருக்கிறது. அந்தத் தெருவைத்தான் பலர் ஐந்து வருடமும் ஒதுக்கி வைக்கிறார்கள்.

ஒதுக்குவது என்றால் வெளிப்படையாகப் பழிவாங்குவது மட்டும் இல்லை. தெருவிளக்கு பல்பு மாற்றப் பத்து நாள் தாமதம், வீடு கட்டும் திட்டத்தின் பயனாளிப் பட்டியலில் அந்தத் தெருவிலிருந்து ஒரு பெயர் மட்டும், நூறு நாள் வேலைக்கு அவர்களை எப்போதும் தொலைவில் இருக்கிற ஓடைக்கு அனுப்புவது. இப்படித்தான் நடக்கும். தலைவர் வேண்டுமென்றே செய்யாவிட்டாலும், அவர் பெயரைச் சொல்லிப் பக்கத்தில் இருப்பவர்கள் செய்வார்கள்.

தண்ணீரில்தான் இது முற்றுகிறது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து போகும் குழாயில் கடைசியில் இருக்கும் தெருவுக்கு அழுத்தம் குறைவு. பல ஊர்களில் அந்தக் கடைசித் தெரு காலனித் தெருவாக இருப்பது தற்செயல் அல்ல. பைப் லைனே ஊரில் தொடங்கி அங்கே முடியும்படிதான் போடப்பட்டது. மேல் தெருவில் நான்கு வீட்டில் இணைப்பில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சினால் கடைசி வீட்டில் காற்றுதான் வரும். ஆனால் தெரு பேசுவது வேறு: "நாம ஓட்டு போடலைன்னு வால்வை மூடச் சொல்லிட்டார்." இந்தப் பேச்சு காதில் விழுந்தும், "பேசட்டும், எப்படியும் போடப் போறதில்லை" என்று விட்டுவிடுவதுதான் நான் சொல்லும் தவறு.

செய்ய வேண்டியது பெரிய வேலை அல்ல. தண்ணீர் விடும் நேரத்தில் 15 லிட்டர் குடத்தோடு கடைசி வீட்டுக் குழாயடியில் நில்லுங்கள். ஒரு குடம் நிரம்ப எத்தனை நிமிடம் என்று பாருங்கள். பிறகு தொட்டிக்குப் பக்கத்து வீட்டில் பாருங்கள். ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 220 லிட்டர், அதாவது ஏறக்குறைய 15 குடம். தண்ணீர் ஒரு மணி நேரம் விடப்பட்டு, கடைசி வீட்டில் ஒரு குடம் நிரம்ப ஆறு நிமிடம் ஆனால் பத்துக் குடம்தான் கிடைக்கும். ஐந்து குடம் குறைகிறது. இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டி ஆபரேட்டரோடு உட்காருங்கள். மேல் தெருக்களின் கேட் வால்வை மூடிவிட்டுக் கடைசித் தெருவுக்குத் தனி முறை விடலாம். நேரடி மோட்டார்களை முதலில் உங்கள் சொந்தக்காரர் வீட்டிலிருந்து கழற்ற வேண்டும். வேறு வீட்டில் தொடங்கினால் அது வேறு சண்டையாகிவிடும். எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் என்று எழுதித் தொட்டியடியில் ஒட்டிவிடுங்கள்.

பதவி போய்த் தனி அலுவலர் பொறுப்பில் இருந்தாலும் இது செய்யக்கூடியதுதான். அதே கணக்கோடு அந்தத் தெருக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்குப் போய் மனு கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். மனுவில் அவர்கள் கையெழுத்து முதலில் வரட்டும்.

அந்தத் தெரு முழுவதும் உங்கள் பக்கம் வந்துவிடாது, வரவும் தேவையில்லை. மேலே சொன்ன கணக்கில் வித்தியாசம் 50 ஓட்டு. இரண்டாம் இடத்தவரிடமிருந்து 25 பேர் மாறினாலே அது 100 ஆகிறது. உங்களிடமிருந்து 25 பேர் போனால் சமம். ஓட்டு சமமானால் குலுக்கல் சீட்டுத்தான்.

ஓட்டு கேட்கும்போதும் இதே தவறு வேறு உருவில் வரும். சாதகமான தெருக்களில் மாலை போட்டு, ஆரத்தி எடுத்து மூன்று நாள் போய்விடும். கடைசி நாள் இருட்டிய பிறகு அந்தத் தெருவுக்குள் பத்து பைக்கோடு நுழைவார்கள். முதல் நாளே போங்கள். இரண்டு பேருக்கு மேல் கூட்டிப் போகாதீர்கள். குறை சொன்னால் நின்று கேளுங்கள், பதில் சொல்ல அவசரப்படாதீர்கள்.

நகல் இல்லாமல் நாற்காலியை விட்டு எழுவது

"ரோடு போட்ட பணம் எங்கே?" என்று தெருவில் ஒருவர் கேட்டால், "செயலர்கிட்ட இருக்கு" என்ற பதில் எடுபடாது. கிராம சபைத் தீர்மானங்கள், வேலைகளின் மதிப்பீடு, முடிந்த வேலையை அளந்து பதிவு செய்யும் அளவுப் புத்தகம், ஆண்டு வரவு செலவு, இவற்றின் நகல் உங்களிடம் இருக்க வேண்டும். பதவியில் இருக்கும்போதே முறையாகக் கேட்டு வாங்குங்கள். விட்டுவிட்டவர்கள் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பிக்கலாம். பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு என்பதால், தேர்தல் தேதி வந்த பிறகு போட்டால் பதில் கிடைப்பதற்குள் எண்ணிக்கையே முடிந்துவிடும்.

நோட்டீஸில் "ரூ. 1.8 கோடியில் வளர்ச்சிப் பணிகள்" என்று அச்சடிப்பதும் இந்த வகைதான். அவ்வளவு பெரிய தொகையைப் பார்த்தவுடன் அதில் எவ்வளவு அடித்தார் என்றுதான் கேட்பார்கள். தெருப் பெயர், வேலை, முடிந்த வருடம் மட்டும் போடுங்கள்.

பாக்கியும் ஒப்பந்தமும்

ஊராட்சிக்குக் கட்ட வேண்டிய வரி, முந்தைய ஆண்டு வரை பில் கொடுத்தும் கட்டாமல் இருந்தால் அது தகுதியிழப்பு. தலைவராக இருந்தவர் வீட்டில் பாக்கி இருக்காது என்று நினைக்கிறீர்கள். அப்பா பெயரிலிருந்து உங்கள் பெயருக்கு மாறிய பழைய வீடு, பூட்டிக் கிடக்கும் கடை, தோட்டத்துக் குடிநீர் இணைப்பு, இவற்றில்தான் இருக்கும். அதைவிட ஆபத்தானது தணிக்கைத் தடை, அதாவது கணக்கைத் தணிக்கை செய்தவர்கள் ஒரு செலவுக்கு எழுப்பிய ஆட்சேபணை. அதனால் நட்டத்தை நீங்களே கட்ட வேண்டும் என்று உங்கள் பெயரில் தண்டத்தொகை விதிக்கப்பட்டிருந்தால் அதுவும் பாக்கிதான். வட்டார அலுவலகத்தில் தணிக்கை அறிக்கையைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் பெயரில் ஊராட்சியோடு ஒப்பந்த வேலை எதுவும் முடியாமல் நிற்கக் கூடாது.

வேட்புமனுவில் பழகிய கையின் அலட்சியம்

முதல் முறை நிற்பவர் மனுவை நான்கு பேரிடம் காட்டித் திருத்துவார். திரும்ப நிற்பவர் பழைய நகலைப் பார்த்து எழுதுவார். வாக்காளர் பட்டியலில் பாகம் எண், வரிசை எண் எல்லாம் இதற்குள் மாறியிருக்கும். புதிய பட்டியலைப் பார்த்தே எழுதுங்கள். முன்மொழிபவர் ஊராட்சியின் வாக்காளராக இருக்க வேண்டும். வார்டு உறுப்பினர் பதவிக்கு என்றால் அந்த வார்டின் வாக்காளராகவே இருக்க வேண்டும். உறுதிமொழிப் பத்திரத்தில் எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடாதீர்கள். பதவிக்காலத்தில் வாங்கிய நிலம், பதிவான வழக்கு எதையும் மறைக்காதீர்கள். எதிராளிக்கு அது முன்பே தெரியும்.

உங்கள் மனு தள்ளுபடியானால் நிற்க மாற்று வேட்பாளராகத் தம்பியையோ மனைவியையோ மனு போட வைத்தால், திரும்பப் பெறும் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் வாபஸ் வாங்கியாக வேண்டும். மறந்தால் அவர் பெயரும் சீட்டில் ஏறி, அவருக்கு ஒரு சின்னமும் கிடைத்துவிடும்.

பழைய சின்னமே வரும் என்று அச்சடிப்பது

வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மனைவி பெயரில் தலைவர், கணவர் கையில் ஊராட்சி

2016-லிருந்து பாதி இடங்கள் பெண்களுக்கு. திரும்ப நிற்கும் பெண் தலைவர்கள் தோற்கும் இடங்களில் ஒரு காட்சி மாறாது. கேள்வி அவரிடம் கேட்கப்படும், பதில் கணவரிடமிருந்து வரும். அது ஐந்து வருடம் கிராம சபையில் நடந்தது, இப்போது வாசலிலும் நடக்கிறது. வீட்டுப் பெண்கள் அதைக் கவனிக்கிறார்கள். அக்கா தனியாக, வேறு இரண்டு பெண்களோடு ஓட்டு கேட்கப் போகட்டும். தண்ணீர், விளக்கு, வீட்டு வரி மூன்றையும் பற்றி அவரே பேசட்டும். கணவருக்கு அச்சகம், பூத் ஏஜெண்டு வேலைகள் இருக்கின்றன.

தலைவர் பதவியை ஏலம் எடுத்துப் "போட்டியின்றித் தேர்வு"

குற்றம். கோயிலுக்குத்தான் பணம் போகிறது என்றாலும் குற்றம்.

செல்லாத ஓட்டு

ஒரு வாக்காளர் கையில் நான்கு சீட்டு வரும். 2019-இல் தலைவருக்கு இளஞ்சிவப்பு, வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஒன்றிய வார்டுக்குப் பச்சை, மாவட்ட வார்டுக்கு மஞ்சள். மின்னணு எந்திரத்துக்குப் பழகியவர்கள் முத்திரையை இரண்டு சின்னத்துக்கும் நடுக்கோட்டில் குத்துகிறார்கள், பேனாவால் டிக் போடுகிறார்கள், கைநாட்டு வைக்கிறார்கள். "பாட்டி, சின்னத்து மேலயே குத்துங்க, ஒரே ஒரு குத்து" என்று மாதிரிச் சீட்டை வைத்துக் காட்ட வயதானவர்கள் வீட்டுக்குத் தனியாக ஆள் அனுப்புங்கள். அந்த மாதிரியில் உங்கள் பெயரும் சின்னமும் மட்டும் இருக்கட்டும்.

செலவுக் கணக்கு

2019-இல் தலைவருக்கு உச்சவரம்பு 34,000 ரூபாய், வார்டு உறுப்பினருக்கு 9,000. இந்த முறைக்கான வரம்பை மனு வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்டோ, மைக் செட், டீக்கடை என்று அன்றன்றைக்கு ரசீதோடு எழுதுங்கள். முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்கு போய்ச் சேர வேண்டும். தோற்றவர்களும் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர்களை மூன்று வருடம் வரை போட்டியிட முடியாதபடி மாநிலத் தேர்தல் ஆணையம் தகுதி நீக்கம் செய்யலாம். கணக்கைக் கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள், அடுத்த மனுவோடு அதைத் தேட வேண்டிவரும்.