துப்புரவுக்கு ஆள் அமர்த்தும்போது: கறையைப் பிரித்து எழுதி, காய்ந்த பிறகு பார்த்து வாங்குவது

துப்புரவு நிறுவனத்திலிருந்து ஆட்கள் வந்து பளிச்சென்று முடித்துவிட்டுப் போன மறுநாளே குழாய்களில் பழைய வெள்ளைத் திட்டுகள் தலைகாட்டினால், அவர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று உடனே முடிவுகட்ட வேண்டியதில்லை. எந்தக் கறை எதனால் போகும் என்பதை இரு தரப்பும் முன்கூட்டியே பேசிக்கொள்ளாததுதான் பெரும்பாலும் காரணம். எங்கள் வீட்டில் இந்தத் தொல்லை தீர்ந்த வழியை எழுதுகிறேன். பெருக்குவதையும் துடைப்பதையும் விளக்கப்போவதில்லை.

படி 1: கறைகளைப் பிரித்து எழுதுங்கள்

அழைப்பதற்கு முன்பே ஒரு தாளோடு வீட்டைச் சுற்றி வந்து, அறை வாரியாக அல்லாமல் கறை வாரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அடுப்புக்கு மேலே விரலில் ஒட்டுவது எண்ணெய்ப் பிசுக்கு. அதற்குச் சோப்புத் தூளோ சலவைச் சோடாவோ போன்ற காரப்பொருள் போதும். குழாயிலும் ஷவரிலும் நகத்தால் சுரண்டினால் வெள்ளைத் தூளாக உதிர்வது உப்புக் கறை, அதாவது கடின நீர் காய்ந்து விட்டுச்செல்லும் கால்சியம் கார்பனேட். அது அமிலத்துக்குத்தான் கரையும், சோப்பு போட்டுக் கை வலிக்கத் தேய்த்தாலும் அசையாது. செம்பழுப்பாக வழிந்திருப்பது துரு. அதன்மேல் ப்ளீச் ஊற்றினால் கறை இன்னும் அழுத்தமாகப் பதியுமே தவிரப் போகாது. ஆக்சாலிக் அமிலம் கலந்த துருநீக்கிதான் அதற்கு மருந்து.

தரையோ மேடையோ பளிங்கு என்றால், "இங்கே ஆசிட் கூடாது" என்று தாளில் பெரிதாக எழுதிவிடுங்கள். பளிங்கும் கால்சியம் கார்பனேட்தான் என்பதால், உப்புக் கறையைக் கரைக்கும் அதே திரவம் கல்லையும் அரித்து மங்கலாக்கிவிடும். பிறகு எத்தனை முறை துடைத்தாலும் அந்த மங்கல் போகாது. மெருகேற்றுவது ஒன்றே வழி. என்ன கல் என்று சந்தேகமாக இருந்தால், கண்ணில் படாத ஒரு மூலையில் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரை கிளம்பினாலோ துடைத்த இடம் பளபளப்பு இழந்தாலோ அமிலத்தைக் கிட்டேயே கொண்டுவரக் கூடாது.

படி 2: வேலையைப் பேசுங்கள்

"முழு வீடும் சுத்தம்" என்ற பேச்சில் எதுவும் அடங்காது. குளிர்சாதனப் பெட்டியின் உட்புறம், அலமாரிகளின் உள்தட்டு, மின்விசிறி இறக்கை, ஜன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கம் ஆகிய நான்கும் கணக்கில் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பதிலைக் குறுஞ்செய்தியாக வாங்கிக்கொள்ளுங்கள். பொருள்களை யார் கொண்டுவருவது, ஏதாவது உடைந்தால் யார் பொறுப்பு என்பதும் அதிலேயே இருக்கட்டும். உப்புக் கறை நிறைய இருந்தால், மணிக்கணக்கில் கூலி பேசுவதைவிட வேலைக்கு இவ்வளவு என்று பேசுவதே மேல் என்பது என் கருத்து; ஏனென்றால் அந்த வேலையில் பாதி நேரம் காத்திருப்பதிலேயே போகும்.

படி 3: ஊறவிடுங்கள், எதையும் கலக்கவிடாதீர்கள்

ஒரு லிட்டர் வெந்நீரில் 50 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்தால் வீட்டுக் குழாய்களுக்குப் போதும். குழாயின் மேல் தெளித்தால் அது வழிந்து ஓடிவிடும் என்பதால், கரைசலில் நனைத்த துணியைக் குழாயைச் சுற்றிக் கட்டி 15 முதல் 20 நிமிடம் விட்டு, பிறகு மென்மையான பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். முலாம் பூசிய குழாய்களில் அதற்கு மேல் விடாதீர்கள். டைல்ஸ் இடுக்குகளில் இருப்பது சிமெண்ட் பூச்சு என்பதால், அதுவும் அமிலத்தில் அரிபடும். முதலில் வெறும் தண்ணீரால் இடுக்குகளை நன்றாக நனைத்துவிட்டால் கரைசல் உள்ளே இறங்குவது குறையும்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆசிட் கலந்த கழிப்பறைத் திரவத்தை ஊற்றிய இடத்தில் ப்ளீச் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். ப்ளீச்சோடு அம்மோனியா சேர்ந்தால் குளோரமைன் கிளம்பும். இரண்டும் நுரையீரலைத் தாக்கக்கூடியவை. "இரண்டையும் சேர்த்தால் சீக்கிரம் போகும்" என்று வந்தவர் சொன்னாலும், அதை முதலில் மூச்சில் இழுக்கப்போகிறவர் அவரே என்பதால், தடுத்துச் சொல்வதில் தயக்கம் வேண்டாம்.

படி 4: காய்ந்த பிறகு பாருங்கள்

மறுநாள் திட்டுகள் தெரிவதன் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. உப்புப் படிவு வெள்ளையாகத் தெரிவதற்குக் காரணம், அதன் சொரசொரப்பான மேற்பரப்பு ஒளியைச் சிதறடிப்பது. தண்ணீர் பட்டதும் அந்த நுண்குழிகள் நிரம்பிச் சிதறல் குறைவதால் கறை மறைந்ததுபோல் இருக்கும். காய்ந்ததும் அப்படியே வெளியே வரும். எனவே ஈரமாக இருக்கும் குளியலறையைக் காட்டி முடிந்தது என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். குளியலறையை முதலில் முடிக்கச் சொல்லி, காய்ந்த துணியால் ஒற்றியெடுத்துவிட்டு மற்ற அறைகளுக்கு அனுப்புங்கள். அவர்கள் கிளம்பும் வேளைக்கு அது காய்ந்திருக்கும். அப்போது கைபேசியின் விளக்கைச் சுவரை ஒட்டிச் சாய்வாகப் பிடித்தால், நேராகப் பார்க்கையில் தெரியாத படலம்கூடத் துலக்கமாகத் தெரியும். விரலை ஓட்டிப் பாருங்கள். வழுக்கினால் போய்விட்டது, சொரசொரத்தால் இன்னொரு முறை ஊறவிட வேண்டும்.

கருவிகளைப் பொறுத்தவரை, ஒரு ரப்பர் வைப்பரும் சில மைக்ரோஃபைபர் துணிகளும் இருந்தால் போதும். குளித்து முடித்ததும் கண்ணாடியிலும் சுவரிலும் உள்ள தண்ணீரை வைப்பரால் வழித்துவிட்டால், காய்வதற்கே தண்ணீர் இல்லாதபோது கறை எங்கிருந்து வரும்? இரும்பு நாரைப் பளபளப்பான எதன்மீதும் வைக்க விடாதீர்கள். கழிப்பறைக்கும் சமையலறைக்கும் வேறு வேறு நிறத் துணியை நீங்களே எடுத்துக் கொடுத்துவிடுவது நல்லது.

பின்சேர்க்கை: குளியல் தொட்டி ஓரத்துச் சிலிக்கான் பட்டையில் உள்ள கருப்புப் புள்ளிகள் எதற்கும் அசையவில்லை என்று வாசகர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். பூஞ்சை சிலிக்கானுக்குள்ளேயே வேர்விட்டிருந்தால் மேலே தேய்த்துப் பயனில்லை. பழைய பட்டையை வெட்டி எடுத்து, இடத்தை நன்றாகக் காயவைத்து, புதிதாகப் பூச வேண்டும். பெரும்பாலான துப்புரவு ஆட்கள் இந்த வேலையைச் செய்வதில்லை என்பதால், அதைக் குழாய் வேலை செய்பவரிடம் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள்.