இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ்: அளவமைப்பை நாமே செய்வது

ஊர்ந்து செல்லும்போது கார் குலுங்கினால் உடனே கிளட்சைப் பழிக்காதீர்கள். முதலில் காரின் கணினியில் பதிவாகியிருக்கும் பிழைக் குறியீடுகளைப் படியுங்கள். பழுது பதிவாகியிருந்தால் அளவமைப்பை, அதாவது கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்பதைக் கியர்பாக்ஸின் கணினிக்கு மீண்டும் கற்பிப்பதை, தொடவே வேண்டாம். தேய்ந்த கிளட்சை எந்த மென்பொருளும் புதிதாக்காது.

நான் செய்வது ஃபோக்ஸ்வாகனின் ஆறு கியர் டிஎஸ்ஜி (அந்நிறுவனத்தின் இரட்டை கிளட்ச்) பெட்டிக்கு. மற்றவற்றுக்கு முறை மாறும், கையேட்டைப் பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கை பிரேக்கை இழுங்கள். கியர்பாக்ஸ் எண்ணெய் 30 முதல் 100 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். கியர் நெம்புகோல் 'பி'யில் (பார்க்கிங்), இன்ஜின் வெற்றோட்டத்தில் (ஐடிலிங்). பிறகு பிரேக்கை மிதித்தபடி, விசிடிஎஸ் (VCDS) போன்ற, காரின் கணினியோடு பேசும் பரிசோதனைக் கருவியில் 'அடிப்படை அமைப்பு' (Basic Settings) என்ற அளவமைப்பைத் தொடங்குங்கள்.

இனிதான் பொறுமை. முடியும்வரை பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே கூடாது; எடுத்தால் அளவமைப்பு பாதியில் நின்றுவிடும். உள்ளே கடகடவெனச் சத்தம் கேட்கும். கியர்களைப் பெட்டி தானே போட்டுப் பார்க்கிறது, அவ்வளவுதான். பதறி இன்ஜினை அணைக்காதீர்கள்.

முடிந்ததும் பிழைகளை மீண்டும் படித்துவிட்டு, நெரிசலற்ற சாலையில் ஓட்டுங்கள். கைமுறைப் பயன்முறையில், ஒற்றைப்படை கியரில் சிறிது நேரம், இரட்டைப்படையில் சிறிது நேரம், சீரான வேகத்தில். ஒரு கிளட்ச் ஒற்றைப்படை கியர்களுக்கு, மற்றது இரட்டைப்படைக்கு; இரண்டும் தனித்தனியே கற்றுக்கொள்ள வேண்டுமே!