அயல்நாட்டு வீடுகளில் வேலை செய்வோருக்கான அன்றாட எதிர்ப்பு வழிகள்

பிறர் வீட்டுக்குள் தனித்து வேலை செய்பவருக்கு வேலைநிறுத்தமோ ஊர்வலமோ எளிதில் வாய்ப்பதில்லை. வளைகுடா நாடுகள் பலவற்றிலும் லெபனானிலும் நிலவிவரும் கஃபாலா என்னும் முதலாளிப் பொறுப்பேற்பு முறையில் விசா முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டிருப்பதால், அனுமதியின்றி வெளியேறினாலே ‘ஓடிப்போனவர்’ என்று புகார் பதிவாகக்கூடும். ஆகவே, நாள்தோறும் சிறுகச் சிறுகச் செய்யும் எதிர்ப்பே பெரும்பாலும் கைகொடுக்கிறது.

அதில் முதலிடம் எழுத்துக்கு. எழுந்த நேரம், படுத்த நேரம், நடுவே கிடைத்த ஓய்வு, சம்பளம் வந்த தேதி, தொகை, பிடித்தம் ஆகியவற்றை ஒரு சிறு குறிப்பேட்டில் அன்றன்றே தாய்மொழியில் எழுதுங்கள். எழுத இயலாதவர் நம்பகமான ஒருவருக்கு நாள்தோறும் குரல்பதிவு அனுப்பலாம். தேதியும் நேரமும் அதிலேயே பதிவாகிவிடும். சம்பளத்துக்குக் கையொப்பம் கேட்டால், பெற்ற தொகையையும் தேதியையும் எழுதி, அதன் கீழே ஒட்டினாற்போல் கையொப்பமிடுங்கள். வெற்றுத் தாளில் ஒருபோதும் இடாதீர்கள். முழுச் சம்பளமும் கொடுத்துவிட்டதாக முதலாளி பின்னாளில் சொல்லும்போது, உங்கள் பக்கம் பேசுவதற்கு இந்தக் கணக்கு மட்டுமே இருக்கலாம். வீட்டாரை ஒளிந்து படமெடுப்பது சில நாடுகளில் குற்றம் என்பதால் அதைத் தவிருங்கள்.

பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் ஆகியவற்றின் படங்களைப் புறப்படும் முன்பே குடும்பத்தாரிடம் கொடுத்துவையுங்கள். பயண ஆவணங்களைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும் உரிமையைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை (2011) வீட்டுத் தொழிலாளருக்கு அளிக்கிறது. குவைத்தின் 2015ஆம் ஆண்டுச் சட்டமும் முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடித்துவைப்பதைத் தடுக்கிறது.

விடுமுறை உண்டா என்று கேட்காமல், எந்த நாள் விடுமுறை என்று கேளுங்கள். ஹாங்காங்கில் ஏழு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு சட்டப்படி உண்டு. சிங்கப்பூரில் 2023 ஜனவரி முதல், மாதத்தில் ஒரு நாள் ஓய்வையாவது கட்டாயம் தர வேண்டும்; அதைப் பணம் கொடுத்து ஈடுகட்ட முடியாது. ஹாங்காங்கின் சென்ட்ரல் பகுதியில் ஞாயிறுதோறும் தரையில் காகித அட்டைகளை விரித்து, வீட்டு வேலை செய்யும் ஆயிரக்கணக்கான பெண்கள் கூடி உட்காருவதைப் பார்த்தால், ஓய்வு நாள் எவ்வளவு பெரிய பலம் என்பது விளங்கும். அந்த நாள் கிடைக்காதவர்கள், குப்பை போடும்போதும் குழந்தையைப் பள்ளி வண்டியில் ஏற்றும்போதும் பக்கத்து வீட்டுப் பணியாளரோடு பெயரையும் எண்ணையும் பரிமாறிக்கொள்ளலாம். முதலாளி சூட்டிய பெயரால் அழைத்தால், சொந்தப் பெயரைப் பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

வேலையை மெதுவாகச் செய்வதும் புரியாததுபோல் நிற்பதும் உடம்புக்குச் சற்று மூச்சுவிட இடம் தரும். எனினும் பாக்கிச் சம்பளத்தை அவை மீட்டுத் தருவதில்லை.

அடியோ பாலியல் தொல்லையோ பட்டினியோ தொடங்கிவிட்டால் இவ்வழிகளோடு நின்றுவிடாதீர்கள். பால்கனியிலிருந்து இறங்கித் தப்ப முயன்று உயிரிழந்தோர் பலர் என்பதால், வெளியே அனுப்பப்படும் வேளைக்குக் காத்திருந்து, குறிப்பேட்டோடு நேராக உங்கள் நாட்டுத் தூதரகத்துக்குச் செல்லுங்கள். வழியில் வேறு வேலை வாங்கித் தருவதாகச் சொல்லும் முகவரை நம்பிப் போகாதீர்கள்.